அனுமதி கொடுக்கும் அனுமதி

2019 மே 17, வெள்ளிக்கிழமை. கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர், விற்பனைத் தகவல்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளை இணையம் வழியே தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் தன் டேட்டாபேஸில் ஒரு ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓட்டியது. அதில் ஒரு பிழை. அவர்களுடைய பார்டாட் என்ற மார்க்கெட்டிங் சேவையை வைத்திருந்த, அல்லது முன்பு எப்போதோ வைத்திருந்த கம்பெனிகளில், ஊழியர்களுக்குத் தங்கள் கம்பெனியின் எல்லாத் தரவையும் பார்க்கவும் திருத்தவும் அனுமதி வந்துவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்த விற்பனைப் பையன்கூட எம்.டி.யின் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து எண்களை மாற்றலாம் என்ற நிலை.

சேல்ஸ்ஃபோர்ஸ் கதவைச் சாத்தியது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்த சர்வர்களை மொத்தமாக மூடியதால், இந்தப் பிரச்சினைக்குச் சம்பந்தமே இல்லாத கம்பெனிகளும் மணிக்கணக்கில் வெளியே நின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. மறுபடி திறந்தபோது, பாதிக்கப்பட்ட கம்பெனிகளில் அட்மின்களுக்கு மட்டும்தான் வழி இருந்தது. மற்றவர்களின் அனுமதிகள் உருவப்பட்டிருந்தன. சோதனைக்கென்று வைத்திருக்கும் நகலில் பழைய அமைப்பு இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அட்மின்களுக்குச் சொன்னார்கள்.

கையால் போடலாம், சரி. எதைப் பார்த்துப் போடுவது? யாருக்கு என்ன அனுமதி இருந்தது என்பது அந்த மென்பொருளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு வெளியே ஒரு தாளிலோ எக்ஸலிலோ எழுதி வைத்தவர்கள் அன்றைக்குத் தப்பித்திருப்பார்கள். நான் பதினான்கு வருடமாக ஈஆர்பி, அதாவது ஒரு கம்பெனியின் கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருளுக்கு அட்மின் வேலை பார்க்கிறேன். எங்களிடம் அப்படியொரு தாள் அன்று கிடையாது.

அனுமதி என்பது உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். எஸ்.ஏ.பி. என்ற ஈஆர்பி மென்பொருளில் கணக்கு வவுச்சர்களைக் காவல் காக்க ஒரு சோதனை உண்டு. அதில் இரண்டே கட்டங்கள்தான். ஒன்றில் கம்பெனியின் எண், இன்னொன்றில் செயலின் எண். செயல் 01 என்றால் புதிதாகப் போடலாம், 02 என்றால் திருத்தலாம், 03 என்றால் பார்க்க மட்டும். ‘கம்பெனி 1000, செயல் 03’ என்று இருப்பவர் அந்தக் கம்பெனியின் வவுச்சரைப் பார்க்கலாம், தொட முடியாது. அந்தக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், எல்லாக் கம்பெனியும் எல்லாச் செயலும் அவருடையது. இதுபோல நூற்றுக்கணக்கான சோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆள் ஆளாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒரு வேலைக்குத் தேவையானதையெல்லாம் மூட்டையாகக் கட்டி வைக்கிறோம். அந்த மூட்டைக்குப் பெயர்தான் ரோல்.

இந்த யோசனை பார்ப்பதற்கு எளியது. அதற்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது 1992-ல்தான். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் அந்த ஆண்டு ஒரு மாநாட்டில் படித்த கட்டுரை அதற்கு அடிப்படை. அதுவரை ராணுவத்துக்கு ஏற்ற ரகசிய அடுக்கு முறை ஒன்று இருந்தது. கோப்பை உருவாக்கியவரே யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற முறை இன்னொன்று இருந்தது. கம்பெனிக்கு இரண்டும் ஒத்து வரவில்லை. வவுச்சர் போட்ட குமாஸ்தா அந்த வவுச்சருக்குச் சொந்தக்காரர் இல்லை, அது கம்பெனியுடையது. அவர் போனால் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அதே அதிகாரம் வர வேண்டும். ஆகவே அதிகாரத்தை ஆளோடு கட்டாமல் நாற்காலியோடு கட்டுவோம் என்றார்கள். 2004-ல் இது அமெரிக்கத் தரமாகவே ஆனது. வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடு என்ற கொள்கை அதைவிடப் பழையது. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி அறிஞர்கள் 1975-லேயே எழுதிவிட்டார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரிதான். நாற்காலி மாறும்போது ஆள் பழைய நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் நடத்திக் காட்டவில்லை.

ஒரு ஊழியர் கொள்முதல் பிரிவில் சேர்கிறார். புது வெண்டரை (சரக்கு விற்பவரை) மென்பொருளில் உருவாக்கும் ரோல் கிடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல். சரக்கு வரவு போடும் ரோல் சேர்கிறது. அக்கவுண்ட்ஸில் ஒருவர் பிரசவ விடுப்பில் போக, கொஞ்ச நாள் அங்கே உதவிக்குப் போகிறார். பேமெண்ட் ரோலும் வந்துவிடுகிறது. உதவி முடிந்தது, ரோல் முடியவில்லை. இப்போது அவரால் ஒரு வெண்டரை உருவாக்கி, வராத சரக்கை வந்ததாகப் போட்டு, பணத்தையும் அனுப்ப முடியும். அவர் பரம யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய பாஸ்வேர்ட் யார் கையில் போய்ச் சேர்கிறதோ அவரும் யோக்கியராக இருக்க வேண்டுமே.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் சேரும்போது மேனேஜரிடமிருந்து ஒரு வரி மெயில் வரும்: “இவருக்கு அவரைப் போலவே கொடுத்துவிடவும்.” ‘அவர்’ பத்து வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் புதியவர் பெயருக்கு மாறிவிடும். பத்திரப் பதிவு அலுவலகத்தில்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

சேருவது ஏன் இவ்வளவு சுலபம் என்று கேட்டால், 20-ஆம் தேதி மாலை என் போனை எடுத்துப் பாருங்கள் என்பேன். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஃபைனான்ஸ் மேனேஜர் கூப்பிட்டார்.

“தம்பி, அறிக்கை எடுக்க முடியலை. அனுமதி இல்லைன்னு வருது.”

“எஸ்யு53 அடிச்சு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார்.”

“அனுப்பிட்டேன். பாத்துட்டு எதுவோ ஒண்ணு குடுங்க. போர்ட்டல் வேற இழுக்குது.”

எஸ்யு53 என்பது, கடைசியாக எந்தச் சோதனையில் நாம் தோற்றோம் என்று காட்டும் திரை. எஸ்.ஏ.பி. வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தனி மரியாதை உண்டு. மெயிலில் ஒட்டி அனுப்பிவிட்டால் மறுபேச்சில்லை. ஆனால் கடைசியாகத் தோற்ற சோதனைதான் உண்மையான தடை என்று சொல்ல முடியாது. சில நிரல்கள் முதலில் ‘இவருக்கு எல்லாக் கம்பெனியும் உண்டா?’ என்று கேட்டுப் பார்க்கும். இல்லை என்று பதில் வந்தால் அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கும். அப்படியான இடத்தில் ஸ்கிரீன்ஷாட்டில் நட்சத்திரக் குறிதான் தெரியும். நானும் அன்று அந்த நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டேன். அறிக்கை வந்தது, அவர் நன்றி சொன்னார், நான் டீ குடிக்கப் போனேன். பிறகு அதைக் கண்டுபிடித்தது வெளியிலிருந்து வந்த ஆடிட்டர், பதினோரு மாதம் கழித்து.

கொடுப்பதற்கு டிக்கெட் (கணினிப் பிரிவுக்கு வரும் கோரிக்கை) வரும், எடுப்பதற்கு வராது. கொடுக்காவிட்டால் ஒருவருக்கு வேலை நிற்கும், அவர் கத்துவார். எடுக்காவிட்டால் யாரும் கத்தப் போவதில்லை.

ஈஆர்பி முதன்முதலில் ஓட ஆரம்பிக்கும் வாரங்களில் இது உச்சத்துக்குப் போகும். ஆலோசகர்கள் எல்லாருக்கும் எஸ்.ஏ.பி. ஆல் என்ற, ஏறக்குறைய எல்லாவற்றையும் திறக்கும் தொகுப்பைக் கொடுத்துவிடுவார்கள். ‘இரண்டு வாரத்துக்கு மட்டும்’ என்பது வாய்மொழி. எஸ்.ஏ.பி. ஸ்டார் என்ற, மென்பொருளோடு கூடவே பிறந்த யூசரின் கதை இன்னும் வேடிக்கை. இதை வைத்திருப்பது ஆபத்து என்று நினைத்து அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால், நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட எஸ்.ஏ.பி. ஸ்டார் உயிர்பெறும். அதற்குப் பாஸ்வேர்ட் ‘பாஸ்’ என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல். அது உலகத்துக்கே தெரியும். எந்தச் சோதனையும் அதைத் தடுக்காது. அதை எழவிடாமல் செய்ய ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டு வைத்துக்கொண்டு, யூசரை அழிக்காமல் அதிகாரத்தை உருவிப் பூட்டி வைக்க வேண்டும். அழித்தால் பலம் கூடுகிற யூசரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, ஒருவரிடம் இரண்டு ரோல் சேர்ந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? 1762-ல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் விழுந்தது அதனால்தான். சிங்கப்பூரில் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் பிரிவையும் அவரே நடத்தினார். நட்டங்களை 88888 என்ற கணக்கில் போட்டு மறைத்தார். இரண்டும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று வங்கியின் உள்தணிக்கை 1994-லேயே சொல்லியும் மாற்றவில்லை. கடைசியில் நட்டம் 82.7 கோடி பவுண்ட். வங்கியை நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் 1 பவுண்டுக்கு வாங்கியது.

நம் ஊர் வங்கிகளில் இதற்கு மேக்கர், செக்கர் என்று சொல்வார்கள். போடுகிறவர் ஒருவர், பார்த்து விடுகிறவர் இன்னொருவர். மென்பொருளில் இதை அமைக்க வசதி உண்டு. யாரிடம் எந்த இரண்டு ரோல் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற அட்டவணையே போட்டுத் தரும் கருவிகளும் உண்டு. ஆனால் அந்த அட்டவணை ஒரு மென்பொருளின் எல்லைக்குள்தான் பார்க்கும். 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி என்று அறிவித்தபோது வெளியே வந்தது இதுதான். கடன் உறுதிக் கடிதங்கள் ஸ்விஃப்ட் என்ற, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலையமைப்பு வழியாக வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போயிருந்தன. ஸ்விஃப்ட் அப்போது வங்கியின் அன்றாடக் கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் மென்பொருளோடு இணைக்கப்படவில்லை. கோர் பேங்கிங்கில் பதிவே இல்லாமல் ஸ்விஃப்டிலிருந்து செய்தி போக முடிந்தது. அதன் பிறகு, இரண்டையும் 2018 ஏப்ரல் 30-க்குள் இணைத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

இதுவரை பேசியது யூசர்களைப் பற்றி. அட்மினுக்கு வருவோம்.

சம்பளப் பட்டியலைப் பார்க்க அட்மினுக்கு அனுமதி இல்லை என்று எல்லாக் கம்பெனியிலும் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், இல்லை. ஆனால் அனுமதி கொடுக்கிறவர் அவர். காலை 11:02-க்குத் தனக்கே அந்த ரோலைப் போட்டு, 11:04-க்குப் பார்த்துவிட்டு, 11:05-க்கு எடுத்துவிட்டால்? லாகில், அதாவது நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஏட்டில், பதிவாகும் என்பார்கள். லாகை வைத்திருப்பவரும் பல இடங்களில் அவரேதான். ஆடிட்டர்கள் ‘எத்தனை பேருக்குப் பேமெண்ட் ரோல்?’ என்று மாய்ந்து மாய்ந்து எண்ணுகிறார்கள். ரோலைக் கொடுக்கும் ரோல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர் இதுவரை இரண்டே பேர். என்னைக் கேட்டால், முதலில் எண்ண வேண்டியது அதைத்தான். மற்ற அனுமதிகளெல்லாம் அதிலிருந்து பிறக்கிறவை.

எஸ்.ஏ.பி.யின் பழைய வழிகாட்டியே இந்த வேலையை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. ரோலின் உள்ளடக்கத்தை எழுதுகிறவர் ஒருவர், அதை உயிர்ப்பிப்பவர் இன்னொருவர், யூசரிடம் சேர்ப்பவர் மூன்றாமவர். எந்த ஒருவராலும் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்ள முடியாது. அழகான ஏற்பாடு. நான் பார்த்த நடுத்தர நிறுவனங்களில் இந்த மூன்று பேரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போதைய நிறுவனத்தில் அந்த நாற்காலி என்னுடையது.

ஒரே நாற்காலி என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சாட்சி. 2008-ல் அந்த நகர நிர்வாகத்தின் நெட்வொர்க்குக்கு முழு அதிகாரமுள்ள பாஸ்வேர்ட்கள் ஒரே ஒரு பொறியாளரிடம் இருந்தன. மேலதிகாரிகள் கேட்டபோது, இவர்களுக்கு இதைக் கையாளத் தகுதியில்லை என்று தர மறுத்தார். ஜூலையில் கைதானார். சிறைக்கு நேரில் வந்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டும்தான் கடைசியில் கொடுத்தார். இத்தனை நாளும் நெட்வொர்க் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வினோதம்; ஓடியதை யாராலும் தொட முடியவில்லை, அவ்வளவே. 2010-ல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எங்கள் தொழிலில் அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அவரைவிட, ஒரு நகரத்தையே ஒருவர் தலைக்குள் வைக்கவிட்ட நிர்வாகத்தின் மீதுதான் கோபம்.

அப்படியானால் நிறையப் பேரிடம் கொடுத்து வைக்கலாமா? அதுவும் கூடாது. யார் எதற்குள் நுழையலாம் என்று நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் என்ட்ராவில் எல்லாம் வல்ல அட்மினுக்கு குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். அது ஐந்து பேருக்கும் குறைவாக இருக்கட்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அதோடு, யார் பெயரிலும் இல்லாத இரண்டு அவசரக் கணக்குகள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரயில் பெட்டியின் அபாயச் சங்கிலி மாதிரி, சும்மா இருக்கும்வரை நல்லது, இழுத்தால் வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். அதன் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி இரும்புப் பெட்டியில் வைப்பதுதான் முன்பு வழி; இப்போது அந்தக் கணக்குகளுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் அதற்கான சாவியையும் பெட்டியில் வைக்க வேண்டும்.

இப்போது பரவிவரும் முறை இன்னொன்று. அதிகாரம் உங்கள் பெயரில் இருக்கும், கையில் இருக்காது. தேவைப்படும்போது காரணம் எழுதிக் கேட்க வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தந்தால் சில மணி நேரத்துக்கு வரும், பிறகு தானாகவே போய்விடும். என்ட்ராவில் நாம் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 8 மணி நேரம். தானாகப் போகிறது என்பதுதான் இதில் அருமை. எடுப்பதற்கு யாரும் டிக்கெட் போட வேண்டியதில்லை. எஸ்.ஏ.பி. உலகத்தில் இதற்கு உறவுமுறை உள்ள ஒன்று ஃபயர்ஃபைட்டர் ஐடி. அவசரத்துக்கு அதில் நுழைந்தால், செய்ததெல்லாம் பதிவாகி ஒரு மேற்பார்வையாளருக்குப் போகும். ஒரு நிறுவனத்தில் மாதத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஃபயர்ஃபைட்டர் எடுத்திருந்தார்கள். தினமும் தீப்பிடிக்கிற வீட்டில் பிரச்சினை அடுப்பில்தான் இருக்க வேண்டும். அங்கே சாதாரண ரோல்களே தப்பாகக் கட்டப்பட்டிருந்தன.

அட்மின் என்ற பட்டமே இல்லாத அட்மின்களும் இருக்கிறார்கள். 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் ஒபாமா, பைடன், ஈலான் மஸ்க் கணக்குகளிலிருந்தெல்லாம் பிட்காயின் மோசடிச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். நுழைந்தவர்கள் கணினி உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஊழியர்களுக்குப் போன் போட்டு ஏமாற்றியிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வாடிக்கையாளர் உதவிக்காக உள்ளே வைத்திருந்த கருவி. பாஸ்வேர்டை மறந்தவருக்கு உதவத்தான் அது இருந்தது. ஆனால் கணக்கின் மின்னஞ்சலை மாற்றும் வசதி இருந்தால் கணக்கே கைமாறிவிடும். குறிவைக்கப்பட்ட கணக்குகள் 130.

ஆளே இல்லாத கணக்குகள் இன்னும் தலைவலி. ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதற்காக உருவாக்கியவை. அவை ராஜினாமா செய்வதில்லை, ஓய்வு பெறுவதில்லை, அதனால் மனிதவளத் துறையிலிருந்து ‘இவர் போகிறார்’ என்று மெயிலும் வராது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே ஒன்றை ஒப்புக்கொண்டது. பழைய சோதனைச் சூழல் ஒன்றில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு கணக்கின் பாஸ்வேர்டை ரஷ்ய ஊடுருவிகள் யூகித்து நுழைந்தார்கள். அங்கே மறந்துபோய்க் கிடந்த ஒரு சோதனைச் செயலிக்கு நிறுவனத்தின் உண்மையான சூழலில் உயர்ந்த அதிகாரம் இருந்தது. அதன் வழியே போய் உயரதிகாரிகளின் மெயில்களைப் படித்தார்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை என்று திருப்பூரிலோ சிவகாசியிலோ டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர் நினைக்கலாம். அங்கே நிலைமை இன்னும் எளிது: எல்லாரும் முதலாளி ஐடியில்தான் நுழைகிறார்கள். அக்கவுண்டன்ட், அவருடைய உதவியாளர், மார்ச் கடைசியில் வந்துபோகும் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை எப்போது மாற்றினாலும் தடம் இருக்க வேண்டும், அந்தத் தடத்தை முடக்க முடியாதபடியும் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. டேலியிலும் அதற்கென்றே எடிட் லாக் பதிப்பு இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே ஐடியில் நுழைந்தால் அந்தத் தடத்தில் வரிக்கு வரி முதலாளி பெயர்தான் இருக்கும். கணக்கை மாற்றியது யார் என்று கேட்டால், எல்லாவற்றையும் அவரே செய்ததாக மென்பொருள் சத்தியம் செய்யும்.

மிச்சமிருக்கும் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் அனுமதிச் சரிபார்ப்பு. யாருக்கு எது இருக்கிறது என்ற பட்டியலை மேனேஜர்களுக்கு அனுப்பி, தேவையா இல்லையா என்று வரிக்கு வரி கேட்பது. போன முறை ஒரு மேனேஜருக்கு 412 வரி அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தது, எல்லா வரியிலும் ‘தேவை’. ரோலின் பெயர் சுருக்கெழுத்துக் குவியலாக இருந்தால் அவர்தான் என்ன செய்வார் பாவம். இந்த முறை பெயர்களைத் தூக்கிவிட்டு, ‘புது வெண்டர் உருவாக்கலாம்’, ‘ஐந்து லட்சம் வரை பணம் அனுப்பலாம்’ என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். 37 வரிகளில் ‘வேண்டாம்’ என்று வந்தது.

அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் என் ஐடியும் இருந்தது. ‘சம்பளப் பட்டியலைப் பார்க்கலாம்’. மூன்று வருடத்துக்கு முன்பு சம்பள மென்பொருள் மாற்றும்போது தற்காலிகமாகப் போட்டது, எனக்கே மறந்துபோயிருந்தது. முறைப்படி நடக்கட்டும் என்று, அதை எடுத்துவிடக் கோரி ஒரு டிக்கெட் போட்டேன். இரண்டு நிமிடத்தில் மெயில் வந்தது. டிக்கெட் எனக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.